ஆளே தாண்டாத சாலை என்று எழுதியவன்

பொய்க் கணக்கு எழுதினேன். எங்கள் ஊர் விலக்கில் சாலையைக் கடந்து போகிறவர்கள் அநேகமாக யாருமே இல்லை என்று நான்தான் எழுதிக் கையெழுத்துப் போட்டேன். தெரிந்தே போட்டேன்.

அப்பாடா... எழுதிவிட்டேன்! இந்த மூன்று வரிகளை ஊரறிய எழுத எனக்கு எத்தனை ஆண்டுகள்! வாயால் இரண்டு பேரிடம் ஏற்கெனவே சொல்லியாகிவிட்டது. அவர்களைப் பற்றிப் பிறகு சொல்கிறேன். இப்போது உங்களிடம் சொல்கிறேன். நெஞ்சில் ஏறி உட்கார்ந்திருந்தது கொஞ்சம் நகர்ந்து கொடுத்திருக்கிறது. மூச்சு விட முடிகிறது.

கைக்கூலி வாங்கினாயா என்று கேட்பீர்கள். இல்லை. யாராவது மிரட்டினார்களா? அதுவும் இல்லை. இரண்டில் ஒன்று நடந்திருந்தால்கூட இன்று நான் சாய்ந்துகொள்ள ஒரு தூண் இருந்திருக்கும். எனக்கு அதுவும் கிடையாது.

எங்கள் ஊர் சாத்தூருக்கும் சிவகாசிக்கும் இடையில், சாலையிலிருந்து தெற்கே பிரிகிற ஒரு விலக்கு. ஊரில் பாதிப் பேருக்கு மேல் விஸ்வநத்தம் பக்கத்துப் பட்டாசுக் கம்பெனிகளில் வேலை. காலையில் கம்பெனி வேன் ஊர்ப் பக்கமே நின்று ஏற்றிக்கொண்டு மேற்கே போகும். சாயங்காலம் கிழக்கே திரும்பி வரும்போது எதிர்ப்பக்கம் இறக்கிவிடும். இறங்கியவர்கள் சாலையைக் கடந்தால்தான் வீடு.

இது எனக்குத் தெரியாதா? நான் அந்த ஊரில் பிறந்தவன்! தினமும் பார்த்தவன்!

அப்போது நான் சாலைக் கணக்கெடுப்பு செய்து கொடுக்கும் ஒரு தனியார் கம்பெனியில் வேலை பார்த்தேன். சாலையை நான்கு வழியாக்கப் போகிறார்கள் என்றால், அதற்கு முன்னால் எங்களைப் போன்றவர்கள் ஓரத்தில் உட்கார்ந்து எண்ணுவோம். லாரி எத்தனை, பஸ் எத்தனை, இருசக்கர வண்டி எத்தனை. கடைசித் தாள் ஒன்று உண்டு. அது நடந்து கடக்கிறவர்களுக்கு. அதில் வயதானவர்களுக்குத் தனியே ஒரு கட்டம். அந்தத் தாளைப் பார்த்துத்தான் நடுத்திட்டில் எங்கே வழி விடுவது, ஆள் கடக்க எங்கே கோடு போடுவது என்று முடிவெடுப்பார்கள்.

எங்கள் விலக்குக்கு என்னையே அனுப்பினார்கள். “நீங்க உள்ளூர்க்காரர், உங்களுக்குத்தான் எல்லாம் தெரியும்” என்றார் மேலாளர்.

ஆமாம்... எல்லாம் தெரிந்தவன்தான்.

நான் போன நாள் தீபாவளி முடிந்து இரண்டாம் வாரம். எங்கள் பக்கத்தை அறியாதவர்களுக்குச் சொல்ல வேண்டும். தீபாவளி வரைக்கும் சீசன்; மூச்சு விட நேரம் இருக்காது. தீபாவளி முடிந்ததும் கம்பெனிகளுக்குப் பல வாரம் லீவு. பூஜை போட்டுத் திறக்கிற வரை ஒரு வேனும் ஓடாது. பாதி ஊர் திருச்செந்தூரிலோ இருக்கன்குடியிலோ இருக்கும், மீதி ஊர் போர்வைக்குள் இருக்கும்.

அன்று காலை இட்லியை வைத்துக்கொண்டே என் மனைவி கேட்டாள்.

“இன்னைக்குப் போயி யாரை எண்ணப் போறீக? கம்பெனி பூராம் லீவுல்ல?”

“உனக்கு என்ன தெரியும்? சட்னிய ஊத்து” என்றேன்.

பாருங்கள், கேட்காமலா இருந்தாள்! ஒரு பெண் அடுப்படியில் நின்றுகொண்டு ஒரே வரியில் சொல்லிவிட்டாள். எனக்குச் சுருக்கென்று கோபம்தான் வந்தது. சரியாகச் சொன்னதால் வந்த கோபம்.

விலக்கில் இருக்கிற வேப்பமரத்தடியில் நாற்காலி போட்டு உட்கார்ந்தேன். நல்ல நிழல். செய்தித்தாளை வரி விடாமல் படித்தேன். மதியம் கண் அசந்துகூடப் போனேன். வாகனங்களை ஒழுங்காக எண்ணினேன், அதில் குறை சொல்ல முடியாது. கடைசித் தாள் மட்டும் வெறிச்சோடிக் கிடந்தது.

கடந்து போன சிலரில் சீனியம்மாளும் ஒருவர். எங்கள் தெருவுக்கு அடுத்த தெரு. என் வயதுதான் இருக்கும். கம்பெனியில் சரவெடி பின்னுகிறவர். கையில் பையோடு எதிர்ப்பக்கத்து ரேஷன் கடைக்குப் போனார்.

“என்ன அண்ணாச்சி, இங்கன உக்காந்துட்டீக?”

“ரோட்டத் தாண்டுற ஆளை எண்றேன்.”

“அய்ய! இதுக்கும் ஒரு உத்தியோகமா?” என்று வாய் விட்டுச் சிரித்தார். “அப்ப என்னையும் எண்ணிக்கோங்க. போகையில ஒண்ணு, வரையில ஒண்ணு. ரெண்டாப் போடணும், ஆமா!”

போகும்போது ஒரு கோடு போட்டேன். அவர் திரும்பி வந்தபோது நான் கண் அசந்திருந்தேன். அந்த இரண்டாவது கோட்டை நான் போடவே இல்லை.

சாயங்காலம் தாள்களை அடுக்கினேன். மேலே ஒரு கேள்வி அச்சடித்திருக்கும்: கணக்கெடுத்த நாள் வழக்கமான வேலை நாளா? பக்கத்தில் இரண்டு கட்டங்கள். ஆம். இல்லை.

பேனா அங்கேயே நின்றது... இதை நீங்கள் நம்ப வேண்டும். நின்றது! ‘இல்லை’ என்று போட்டால் கம்பெனிகள் திறந்த பிறகு மறுபடியும் வர வேண்டும். விடியற்காலையிலிருந்து வேன் புழுதியில் நிற்க வேண்டும். நூற்றுக்கணக்கில் ஓடுகிற தலைகளை எண்ண வேண்டும். மேலாளரிடம் திட்டு வாங்க வேண்டும். நடந்து போகிறவனின் தாளை எவன் பிரித்துப் பார்க்கப் போகிறான்? சாலை வண்டிகளுக்குத்தானே!

‘ஆம்’ கட்டத்தில் குறி போட்டேன். வயதானவர்கள் கட்டத்தில், ஒருவரும் இல்லை என்று ஒரு சின்னக் கோடு இழுத்துவிட்டேன். வீட்டுக்குப் போய்ச் சாப்பிட்டுத் தூங்கினேன். நன்றாகவே தூங்கினேன் என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

சாலை வந்தது. கண்ணாடி போன்ற சாலை! நடுவே இடுப்பளவுக்குத் திட்டு. அடுத்த வழி கிழக்கே வெகு தூரம் தள்ளி, ஒரு பெட்ரோல் பங்குக்கு எதிரே. வேலை முடிந்து வருகிற மனுசி அவ்வளவு தூரம் நடந்து போய், திரும்பி அவ்வளவு தூரம் நடந்து வருவாளா? திட்டின் இரண்டு பக்கமும் யாரோ கல் அடுக்கினார்கள். அந்தக் கல்லில் கால் வைத்து ஏறி, திட்டைத் தாண்டி, அந்தப் பக்கக் கல்லில் இறங்கினார்கள். இளவட்டங்கள் தாவிவிடும். வயதானவர்கள் சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு, திட்டின் மேல் உட்கார்ந்து, ஒரு காலைத் தூக்கி இந்தப் பக்கம் போட்டு, மறு காலைக் கையால் பிடித்து எடுத்துப் போடுவார்கள்.

நான் என்ன செய்தேன்? மொபெட்டில் அந்த வழியே போகும்போது வேறு பக்கம் பார்த்தேன். பணி ஓய்வு பெற்று வீட்டில் உட்கார்ந்த பிறகும் அப்படித்தான். “அருமையான ரோடு” என்று டீக்கடையில் நான்கு பேரிடம் சொன்னேன். அதுவும் நான்தான்!

இனி அந்த நாள்.

சாத்தூரில் ஒரு வேலையை முடித்துவிட்டு மேற்கே பார்த்து வந்துகொண்டிருந்தேன். சாயங்காலம். நேர் எதிரே வெயில். எனக்குக் கண்ணில் புரை விழ ஆரம்பித்திருந்தது. டாக்டர் சொல்லியும் தள்ளிப்போட்டுக்கொண்டே வந்தேன். வெளிச்சம் கண்ணில் அடித்தால் சாலை முழுக்க வெள்ளையாகிவிடும். அன்றும் வெள்ளைதான். அந்த வெள்ளைக்குள்ளிருந்து ஒரு உருவம் கல்லில் இறங்கி இரண்டு எட்டு ஓடி வந்தது. பிரேக்கைப் பிடித்தேன்... பிடித்தேன் என்றுதான் நினைக்கிறேன். பிடிப்பதற்குள் மோதியாகிவிட்டது.

எழுந்து பார்த்தால் சீனியம்மாள்!

பெரிய வேகம் இல்லை. ஆனாலும் கணுக்கால் முறிந்துவிட்டது. பாதம் ஒரு பக்கமாய்த் திரும்பியிருந்தது. தூக்கும்போது என் சட்டையைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டார். பிடித்த இடத்தில் அவருடைய ஐந்து விரலும் பட்டாசு மருந்துத் தூளாய்ப் பதிந்தன. சாம்பல் நிறத்தில்.

கூட்டம் கூடிவிட்டது. என்னை அடிக்கப் போகிறார்கள் என்று நினைத்தேன். நினைத்தேனா... விரும்பினேனா? சீனியம்மாள் வலியில் பல்லைக் கடித்துக்கொண்டு எல்லோருக்கும் கேட்கச் சொன்னார்:

“அண்ணாச்சி மேல தப்பு இல்ல! நாந்தான் பாக்காம எறங்கிட்டேன். யாரும் அவுகள ஒண்ணும் சொல்லாதீக!”

ஆஸ்பத்திரியில் போலீஸ்காரர் கேட்டபோதும் அதையே சொன்னார். கேஸ் வேண்டாம் என்றார். நான் தினமும் பார்க்கப் போனேன். பழம் வாங்கிப் போனேன். பக்கத்துப் படுக்கைக்காரர்களிடம் சீனியம்மாள், “தங்கமான மனுசன், ஒரு நா தவறாம வாராக” என்று என்னைப் பற்றிச் சொல்வார். அந்தச் சொல்லைக் கேட்டுக்கொண்டு அந்த ஸ்டூலில் உட்கார்ந்திருப்பது எப்படி இருக்கும் என்று உங்களால் நினைத்துப் பார்க்க முடியுமா? மோதியதற்கு என்னை மன்னித்தார். அது என் குற்றத்தில் சின்னப் பாதி. பெரிய பாதியை அவர் அறியவே இல்லை!

கண் ஆபரேஷனைச் செய்துகொண்டேன். எல்லாம் பளிச்சென்று தெரிந்தது. திட்டில் அடுக்கிய கல்லும் பளிச்சென்று தெரிந்தது.

அடுத்து வந்த கிராம சபைக் கூட்டத்தில் விலக்குப் பிரச்சினையை எடுத்தார்கள். சாலை அலுவலகத்திலிருந்து ஓர் இளம் பெண் பொறியாளர் வந்திருந்தார். கையில் கோப்பு. பொறுமையாகக் கேட்டுவிட்டுச் சொன்னார்: “நீங்க சொல்றது புரியுது. ஆனா ரோடு போடறதுக்கு முன்னாடி எடுத்த கணக்குல, இந்த இடத்துல தாண்டுற ஆளே இல்லைன்னுதான் இருக்கு. வயசானவங்க ஒருத்தர்கூட இல்ல. வேலை நாள்ல எடுத்த கணக்குங்க.”

ஊரே சிரித்தது.

“அப்ப நாங்கள்லாம் ஆருங்க? பேயா, பிசாசா?” என்று ஒரு பெரியவர் கத்தினார்.

அப்போது பெண்கள் வரிசையில் ஊன்றுகோலோடு உட்கார்ந்திருந்த சீனியம்மாள் எழுந்தார். நேராக என்னைக் கைகாட்டினார்.

“அந்தா இருக்காகள்ல, அண்ணாச்சிதான் உக்காந்து எண்ணினாக! என் கண்ணால பாத்தேன். அவுகளக் கேளுங்க. எம்புட்டுப் பேரு தாண்டுதுன்னு அவுகளுக்கு நல்லாத் தெரியும்!”

எனக்கு ஆதரவாகச் சாட்சி சொல்கிற முகம் அவருக்கு. என்னை நம்பிக் கைகாட்டினார்! எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். பொறியாளர் கோப்பிலிருந்த கையெழுத்தையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தார்.

நான் எழுந்தேன். வேட்டியைச் சரிசெய்துகொண்டேன்.

“அது... ரொம்பப் பழைய கணக்கு. ஞாபகம் இல்லை.”

சொல்லிவிட்டு உட்கார்ந்துவிட்டேன். சீனியம்மாள் நீட்டியிருந்த கையை இறக்கினார். பிறகு ஊன்றுகோலை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தார்.

என்னிடம் கேட்டால் முதல் பொய்யைவிட இதுதான் பெரியது. முதல் பொய்யைச் சொன்னபோது அதில் முகங்கள் இல்லை, வெறும் கோடுகள் இருந்தன. இங்கே ஊரின் முகம் முழுக்க எதிரே இருந்தது. அப்படியிருந்தும் சொன்னேன்... சீ!

வீட்டுக்கு வந்ததும் என் மனைவி சோறு போட்டாள், தண்ணீர் வைத்தாள். மறுநாள் காலையில்தான் கேட்டாள்: “லீவுல எடுத்த கணக்குதானே அது?” நான் தலையை ஆட்டினேன். “ஆட்டுற தலைய அங்கன ஆட்டியிருக்கலாம்ல” என்றாள்.

மூன்றாம் நாள் பஸ் ஏறி அந்தப் பொறியாளரின் அலுவலகத்துக்குப் போனேன். மொபெட்டை எடுக்க மனம் வரவில்லை. வரிசையில் உட்கார்ந்திருந்தபோது இரண்டு முறை எழுந்து வாசல் வரை போய்த் திரும்பினேன். கடைசியில் உள்ளே கூப்பிட்டார்கள். நின்றபடியே எல்லாவற்றையும் கொட்டினேன். தீபாவளி லீவு, வேப்பமரம், தூக்கம், ‘ஆம்’ கட்டம், கிராம சபை... ஒன்றையும் விடவில்லை.

“ஏன் சார் அப்படிச் செஞ்சீங்க?” என்று கேட்டார். என் மகள் வயது.

“சோம்பேறித்தனம், அம்மா. வேற ஒண்ணும் இல்ல.”

அவர் என்னைத் திட்டவில்லை, தேற்றவும் இல்லை. ஒரு வெள்ளைத் தாளை நகர்த்தி வைத்தார். “இதை எழுத்துல குடுங்க சார். அப்பத்தான் மறுகணக்குக்கு நான் கேக்க முடியும்” என்றார். எழுதினேன். எழுத்து கோணவில்லை. பழைய கையெழுத்தையே போட்டேன்.

வெளியே வந்து எதிரில் இருந்த கடையில் ஒரு டீ குடித்தேன். என்ன ருசி! உண்மையாகச் சொல்கிறேன், பல வருஷமாக டீ அப்படி ருசித்ததே இல்லை. வலித்த பல்லைப் பிடுங்கிவிட்டால் ஒரு காலி இடமும் நிம்மதியும் சேர்ந்து இருக்குமே, அப்படி இருந்தது. பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்து கண்ணைத் துடைத்துக்கொண்டே வந்தேன். புழுதி விழுந்துவிட்டது என்று பக்கத்தில் இருந்தவர் நினைத்திருப்பார்.

சீசன் உச்சத்தில் மறுகணக்கு எடுத்தார்கள். நானும் நாற்காலியைத் தூக்கிக்கொண்டு போய் நின்றேன். பொறியாளர் மரியாதையாகத்தான் சொன்னார்: “நீங்க எண்ண வேண்டாம் சார்.” அது நியாயம். வேப்பமரத்தடியில் சும்மா நின்று பார்த்தேன். வேன்கள் வந்து நின்று நின்று இறக்கிவிட்டுப் போயின. கடைசித் தாள் போதவில்லை; கூடுதல் தாள் கேட்டு ஒருவர் ஓடினார்.

அந்தப் பெண் செய்த இன்னொரு காரியம் எனக்குப் பிடித்தது. கடக்க ஆகிற நேரத்தை இளவட்டங்களை நடக்கவிட்டு அளக்கவில்லை. வயதானவர்களைத்தான் நடக்கச் சொன்னார். ஊன்றுகோலோடு சீனியம்மாளும் நடந்தார். ஒரே மூச்சில் முழுச் சாலையையும் கடக்க அவர்களால் ஆகாது என்று தெரிந்தது. அதனால் நடுத்திட்டை வெட்டி, நடுவில் நின்று இளைப்பாற ஓர் இடம் விட்டார்கள். பிடித்துக்கொள்ளக் கம்பி. கோடு போட்ட இடத்தைக் கொஞ்சம் மேடாக்கினார்கள், வண்டி தானாக வேகம் குறையும்படி. அன்றைய என்னைப் போன்ற புரைக்கண் கிழவனும் படிக்கிற மாதிரி வெகு முன்னாலேயே பெரிய எழுத்தில் பலகை. சாயங்கால வெயிலில் நின்று அதைப் படித்துப் பார்த்தேன். தெரிந்தது! கல்லை எடுத்து ஓரத்தில் போட்டார்கள்.

வேலை முடிகிற வரை சீனியம்மாளிடம் நான் சொல்லவில்லை. ஏன்? தெரியவில்லை... புது வழியைத் திறந்துவிட்ட மறுநாள் அவர் வீட்டுக்குப் போனேன். இப்போது கம்பெனிக்குப் போவதில்லை அவர், கால் தாங்கவில்லை. வீட்டிலேயே வெடிப்பெட்டி ஒட்டுகிறார். பசைத் தட்டை நகர்த்திவிட்டு, “வாங்க அண்ணாச்சி, உக்காருங்க” என்றார். நான் உட்காரவில்லை.

சொன்னேன். அவர் கையில் இருந்த பெட்டியின் மடிப்பை அழுத்திக்கொண்டே கேட்டார். முடித்ததும் நிமிர்ந்து பார்த்தார். திட்டுவார் என்று காத்திருந்தேன். திட்டவில்லை. பெட்டியைக் கீழே வைத்துவிட்டுச் சொன்னார்:

“லீவுன்னா என்ன, நாங்கள்லாம் வீட்டுலதான கெடந்தோம்? ஒரு எட்டு வந்து கூப்பிட்டிருந்தா, பூராப் பேரும் வந்து நடந்து காட்டியிருப்போமே, அண்ணாச்சி...”

அவ்வளவுதான். அடுத்த பெட்டியை எடுத்தார்.

எனக்கு அது தோன்றவே இல்லை! உள்ளூர்க்காரன் நான். ஒவ்வொரு வீட்டுக் கதவும் தெரியும். இரண்டு தெரு நடந்து போய், “உங்க வேன் எத்தன, எத்தன பேரு இறங்குவீக” என்று கேட்டிருந்தால் போதும். மறுபடி வர வேண்டியதுகூட இல்லை!

நிம்மதியாகத்தான் இருக்கிறேன், அதில் பொய் இல்லை. இன்று விலக்கில் யாரும் காலைக் கையால் தூக்கிப் போடுவதில்லை. அதைப் பார்க்கும்போதெல்லாம் மனம் லேசாகிறது. ஆனால் சீனியம்மாள் “பரவாயில்ல” என்று சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை. கேட்க எனக்கு என்ன உரிமை?

போன வாரம் மொபெட்டில் வந்துகொண்டிருந்தேன். பலகையைப் படித்தேன், வேகத்தைக் குறைத்தேன், கோட்டுக்கு முன்னால் நின்றேன். ஊர்ப் பக்கத்திலிருந்து சீனியம்மாள் ரேஷன் பையோடு இறங்கினார். ஒரு கால் சாய்ந்து சாய்ந்துதான் வருகிறது. என் வண்டிக்கு முன்னால் கடந்து போனார், திரும்பிப் பார்க்கவில்லை. நடுவில் கம்பியைப் பிடித்துக்கொண்டு மூச்சு வாங்கினார். அப்புறம் தலையைத் திருப்பிக் கேட்டார்:

“எண்ணிக்கிட்டீகளா, அண்ணாச்சி?”

சிரிக்கிறாரா என்று பார்த்தேன். தெரியவில்லை. இப்போது கண் நன்றாகத் தெரிகிறது, ஆனாலும் தெரியவில்லை.

“எண்ணிக்கிட்டேன்” என்றேன்.

அவர் மீதிப் பாதியைக் கடந்து கடைக்குப் போனார். நான் வண்டியை ஓரமாக, அந்த வேப்பமரத்தடியில் நிறுத்தினேன். அவர் திரும்பி வரும் வரை அங்கேயே விழித்துக்கொண்டு நின்றேன்.